உணவுக்குழாய் கேன்சர்: துளை போட்டு பண்றதா, நெஞ்சைத் திறந்து பண்றதா? ஒரு மயக்க டாக்டரோட பதில்

கேள்வி சுருக்கமா இதுதான். அப்பாவுக்கு 61 வயசு, முப்பது வருஷமா பீடி. சோறு நெஞ்சுலயே நிக்குதுன்னு நாலு மாசம் சமாளிச்சுட்டு கடைசியா எண்டோஸ்கோப்பி பண்ணதுல உணவுக்குழாய் நடுப்பகுதியில ஸ்குவாமஸ் வகை கேன்சர். அஞ்சு வாரம் கீமோவும் ரேடியேஷனும் முடிஞ்சாச்சு. இப்ப ஒரு டாக்டர் துளை போட்டே எடுத்துரலாம்ங்கறார், இன்னொருத்தர் நெஞ்சைத் திறந்து பண்ணாத்தான் கேன்சர் முழுசா வெளிய வரும்ங்கறார். யார் சொல்றதக் கேக்கறது, துளை ஆபரேஷன்னா சின்ன ஆபரேஷன் தானே, எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாம்?

நான் சர்ஜன் இல்ல, மயக்க டாக்டர். இந்த ஆபரேஷன்ல ஆறு ஏழு மணி நேரம் பேஷண்ட் தலைமாட்டுல நிக்கிற ஆள், அப்புறம் ஐசியூவுல ரெண்டு மூணு நாள் மூச்சப் பாத்துக்கற ஆள். அதனால நான் சொல்றது கொஞ்சம் நுரையீரல் பக்கமா சாஞ்சு தான் இருக்கும், அத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

மொதல்ல அந்த "சின்ன ஆபரேஷன்"ங்கற நெனப்ப எடுத்துருங்க. பித்தப்பையையோ குடல்வாலையோ துளை போட்டு எடுத்துட்டு மறுநாளே வீட்டுக்குப் போறாங்களே, அதே மாதிரின்னு நெனச்சுக்கிட்டு சொந்தக்காரங்க எல்லாம் ஒரு பிளாஸ்க்கும் ரெண்டு லுங்கியும் எடுத்துட்டு வந்து நிக்கிறத எத்தன தடவ பாத்திருக்கேன். வெளிய தெரியுற வெட்டு தான் சின்னது, உள்ள நடக்குற வேலை ஓபன்ல, அதாவது நெஞ்சைத் திறந்து பண்றதுல, என்னவோ அதேதான், ஒரு இழை கூட கம்மி கிடையாது.

உணவுக்குழாய் மொத்தமே சுமார் 25 செ.மீ. தான். ஆனா அது இருக்குற எடத்தப் பாருங்க, முன்னாடி மூச்சுக்குழாயும் இதயமும் ஒட்டிக்கிட்டு, பக்கத்துலயே அயோர்ட்டாங்கற பெரிய ரத்தக்குழாய், பின்னாடி முதுகெலும்பு, ரெண்டு பக்கமும் குரல் நாணுக்குப் போற நரம்பு. இதுக்கு நடுவுல இருந்து குழாயையும் அதச் சுத்தி இருக்குற நெறிக்கட்டிகளையும் சேத்து உரிச்சு எடுக்கணும். அப்புறம் வயித்துப் பக்கம் போய் இரைப்பைய விடுவிச்சு, ஸ்டேப்ளர் போட்டு அத நாலஞ்சு செ.மீ. அகலத்துக்கு ஒரு குழாய் மாதிரி ஆக்கி, நெஞ்சுக்குள்ளயோ கழுத்து வரைக்குமோ மேல இழுத்துக் கொண்டு போய் மிச்சம் இருக்குற உணவுக்குழாயோட சேத்துத் தைக்கணும். அதாவது இனிமே அப்பாவுக்கு இரைப்பை தான் உணவுக்குழாய். இத மொதல்லயே வீட்ல எல்லாருக்கும் புரிய வெச்சுருங்க, ஏன்னா ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகியும் "ஏன் முன்ன மாதிரி சாப்பிட மாட்டேங்கறார்"னு அம்மா அழுவாங்க.

ஓபன்ல என்ன தான் பிரச்சினை? 1913ல நியூயார்க்ல ஃபிரான்ஸ் டோரெக்னு ஒரு சர்ஜன் தான் மொத மொதல்ல நெஞ்சு வழியா இந்தக் குழாய வெற்றிகரமா எடுத்தார். மேல கழுத்துல ஒரு ஓட்டை, கீழ வயித்துல ஒரு ஓட்டை, ரெண்டையும் வெளிய ஒரு ரப்பர் டியூப்ல இணைச்சு அந்தம்மா பத்து வருஷத்துக்கு மேல சாப்பிட்டு வாழ்ந்தாங்க. 1946ல ஐவர் லூயிஸ் வயிறு ஒண்ணு, வலது நெஞ்சு ஒண்ணுன்னு ரெண்டு வெட்டுல பண்ற முறையச் சொன்னார், 1976ல மெக்கியோன் கழுத்தையும் சேத்து மூணு வெட்டாக்கினார். இன்னைக்கும் சர்ஜன்கள் பேசுற பேச்சுல இந்த ரெண்டு பேர் தான் அடிபடும். முறை எல்லாம் பிரமாதம், ஆனா வலது பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவுல ஒரு நீள வெட்டப் போட்டு ரிட்ராக்டர வெச்சுத் திருகி அகட்டுவாங்க பாருங்க, சில சமயம் விலா ஒண்ணு "டக்"குனு ஒடியுற சத்தம் தலைமாட்டுல நிக்கிற எனக்கே கேக்கும். மறுநாள் அந்த மனுஷனப் போய் "நல்லா இழுத்து மூச்சு விடுங்க, இருமி சளிய வெளிய தள்ளுங்க"ன்னா எப்படி முடியும்? முதுகுல ஊசி வழியா வலி மருந்து ஏத்துற எபிடியூரல் போட்டிருந்தாலும் பாதி மூச்சுதான் விடுவார். சளி உள்ளயே தேங்கும், நுரையீரலோட அடிப்பக்கம் சுருங்கும், மூணாவது நாள் காய்ச்சல், அஞ்சாவது நாள் நிமோனியா, திரும்ப வென்டிலேட்டர். உணவுக்குழாய் ஆபரேஷன் பண்ணவங்கள ரொம்பப் படுத்தி வெச்சது கத்தி பட்ட எடத்த விட நுரையீரல் தான். துளை ஆபரேஷன்னு ஒண்ணு வந்ததோட பிரயோஜனமே இங்க தான் இருக்கு, தழும்பு சின்னதா இருக்கும்ங்கறது எல்லாம் அதுக்கப்புறம் வர்ற விஷயம், 61 வயசுல யாருக்கு வேணும் அந்த அழகு.

1992ல ஸ்காட்லாந்துல டண்டீ ஊர்ல ஆல்ஃபிரட் குஷேரிங்கற சர்ஜன் தோராக்கோஸ்கோப்பி, அதாவது நெஞ்சுல துளை போட்டு கேமரா விட்டுப் பண்றது, அது வழியா உணவுக்குழாய எடுத்துக் காமிச்சார். அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல லுக்கெடிச் குழு 2003ல 222 பேர், 2012ல ஆயிரம் பேருக்கு மேலன்னு கணக்கு வெளியிட்டாங்க, அந்த ரெண்டாவது கணக்குல இறப்பு 2 சதவீதத்துக்கும் கீழ. நம்ம ஊருக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. கோயம்புத்தூர்ல டாக்டர் பழனிவேலு குழு 2006ல 130 பேரோட அனுபவத்த எழுதினாங்க, அதுல முக்கியமான சங்கதி என்னன்னா பேஷண்ட்ட குப்புறப் படுக்க வெச்சு நெஞ்சுல துளை போட்டுப் பண்றது. குப்புற வெச்சுப் பாக்கறத குஷேரி 1994லயே செஞ்சு பாத்திருந்தாலும் இத்தன பேருக்கு வரிசையா பண்ணி உலகத்த திரும்பிப் பாக்க வெச்சது கோயம்புத்தூர் தான்.

குப்புறப் படுக்க வெச்சா என்ன வித்தியாசம்னு கேப்பீங்க. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா வலது நுரையீரல் கேமராவுக்குக் குறுக்க வந்து விழும், அத ஒருத்தர் கருவிய வெச்சு ஒதுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்கணும், ரத்தம் கசிஞ்சா சரியா வேலை செய்யுற பள்ளத்துல போய் தேங்கும். குப்புறப் படுத்தா நுரையீரல் தன் கனத்துலயே முன்னாடி தொங்கிரும், ரத்தமும் முன்னாடி ஓடிரும், உணவுக்குழாய் சர்ஜன் கண்ணு முன்னால சுத்தமா விரிஞ்சு கெடக்கும். கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கேஸ் உள்ள விட்டா போதும், ஒரு பக்க நுரையீரல முழுசா அமுக்கி வெக்கணும்ங்கற கட்டாயம் கெடையாது. எனக்கு மட்டும் கொஞ்சம் உதறல், மூச்சு டியூப் நகந்துருச்சுன்னா குப்புறக் கெடக்குற ஆளுக்குத் திரும்பப் போடுறது லேசுப்பட்ட காரியம் இல்ல. பிளாஸ்திரிய நான் ஒட்டுற ஒட்டுல நர்ஸ் சிரிப்பாங்க. அவசரமா நெஞ்சத் தெறக்க வேண்டி வந்தாலும் இந்தப் பொசிஷன்ல கஷ்டம்ங்கறதால பல எடத்துல அரைக் குப்புறலா சாய்ச்சு வெச்சுப் பண்றாங்க.

இப்ப அந்த ரெண்டாவது டாக்டர் சொன்னதுக்கு வருவோம். நெதர்லாந்து, ஸ்பெயின், இத்தாலி ஆஸ்பத்திரிகள் சேந்து டைம்னு ஒரு ஆய்வு நடத்தி 2012ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில போட்டாங்க. 115 பேர, யாருக்கு எந்த ஆபரேஷன்னு குலுக்கல் மாதிரிப் பிரிச்சு, பாதிப் பேருக்கு ஓபன், பாதிப் பேருக்கு முழுக்க துளை. மொத ரெண்டு வாரத்துல நுரையீரல் தொற்று ஓபன்ல 29 சதவீதம், துளையில 9 சதவீதம். ஆஸ்பத்திரியில இருந்த நாள் 14க்கு 11. (பாத்தீங்களா, துளையிலயும் 11 நாள்!) மூணு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க ஓபன்ல சுமார் 40 சதவீதம், துளையில சுமார் 50, ஆனா ஆள் எண்ணிக்கை கம்மிங்கறதால துளை தான் உயிரக் காப்பாத்துதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, கேன்சர் விஷயத்துல மோசம் இல்லன்னு மட்டும் தைரியமாச் சொல்லலாம். ஜப்பான்ல கிட்டத்தட்ட எல்லாமே உங்கப்பாவுக்கு வந்த ஸ்குவாமஸ் வகை தான், அங்க 300 பேர வெச்சுப் பண்ண ஆய்வுல மூணு வருஷத்துல தோராக்கோஸ்கோப்பி பண்ணவங்கள்ல 82 சதவீதம், ஓபன் பண்ணவங்கள்ல 71 சதவீதம் உயிரோட இருந்தாங்க. அதனால "தெறந்து பண்ணாத்தான் கேன்சர் முழுசா வரும்"ங்கற பேச்சுக்கு இன்னைக்கு ஆதாரம் இல்ல. கேமரா பல மடங்கு பெரிசாக்கிக் காட்டுது, அந்தக் குரல் நரம்பு ஓரத்துல இருக்குற நெறிக்கட்டிய எடுக்கறதுக்கு கண்ண விட கேமரா தேவலன்னு சர்ஜன்களே சொல்லுவாங்க.

பாதி பாதின்னும் ஒரு வழி இருக்கு, இத யாரும் உங்ககிட்ட சொல்லிருக்க மாட்டாங்க. வயித்துல மட்டும் துளை போட்டு (லேப்ராஸ்கோப்பி), நெஞ்சு ஓபன். பிரான்ஸ்ல 207 பேருக்கு இத முழு ஓபனோட ஒப்பிட்டுப் பாத்து 2019ல வெளியிட்டாங்க, பெரிய சிக்கல் வந்தவங்க முழு ஓபன்ல 64 சதவீதம், இதுல 36. வயித்து வெட்ட மட்டும் தவிர்த்ததுக்கே இவ்ளோ வித்தியாசம். நெஞ்சுல ஏற்கனவே டிபி வந்து நுரையீரல் ஒட்டிப் போயிருந்தா, நம்ம ஊர்ல அது சகஜம், துளை வழியா உள்ள நுழையவே முடியாம போகலாம், அப்ப இது கை குடுக்கும். ரோபோன்னு சொன்னா பயப்படவும் வேணாம், ஆகா ஓகோன்னு நெனச்சு நகைய அடகு வெக்கவும் வேணாம், அதுவும் துளை ஆபரேஷன் தான், கருவியோட மணிக்கட்டு வளையும், படம் முப்பரிமாணத்துல தெரியும், அவ்ளோதான். நெதர்லாந்துல யூட்ரெக்ட்ல ரோபோவ ஓபனோட ஒப்பிட்டு சிக்கல் கம்மின்னு காமிச்சாங்க, சாதா துளை ஆபரேஷன் நல்லாப் பண்றவர் கையில இருந்து உங்கப்பாவ மாத்தி ரோபோவுக்குக் கொண்டு போற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்லங்கறது என் அபிப்பிராயம்.

ஆனா அந்த ரெண்டாவது டாக்டர முட்டாள்னு முடிவு கட்டிராதீங்க. இந்தத் துளை ஆபரேஷன் கத்துக்க ரொம்ப நாள் ஆகுற வித்தை. ஐரோப்பாவுல நாலு ஆஸ்பத்திரிக் கணக்க அலசினப்ப, நெஞ்சுக்குள்ளயே இணைக்குற முறையில கை படியறதுக்கு 119 கேஸ் ஆச்சு. பழகுற காலத்துல தையல் கசிவு கிட்டத்தட்ட 19 சதவீதம், பழகினப்புறம் 4.5 சதவீதம். அந்த 119 பேருக்குள்ள நம்ம அப்பா ஒருத்தரா இருக்கணுமாங்கறது தான் கேள்வி. முப்பது வருஷமா ஓபன் பண்ணி கை தேர்ந்த ஒருத்தர் "எனக்கு ஓபன் தான் வரும்"னு சொன்னா அது நேர்மை, வருஷத்துக்கு நாலே கேஸ் துளையில பண்றவர விட அவர்கிட்ட விடுறது மேல். அதனால ரெண்டு டாக்டர்கிட்டயும் ஒரே கேள்வியக் கேளுங்க: வருஷத்துக்கு எத்தன உணவுக்குழாய் ஆபரேஷன் பண்றீங்க, போன வருஷம் எத்தன பேருக்குக் கசிவு வந்துச்சு, ராத்திரி ரெண்டு மணிக்குக் கசிவு வந்தா எண்டோஸ்கோப்பியும் சிடி ஸ்கேனும் இங்கயே இருக்கா. கேக்கக் கூச்சமா இருக்கும், கேளுங்க. நல்ல சர்ஜன் கோவிச்சுக்க மாட்டார். துளையில ஆரம்பிச்சு நடுவுல ஓபனுக்கு மாத்தினா அதத் தோல்வின்னும் நெனக்காதீங்க, மாத்தத் தயங்குற சர்ஜனப் பாத்துத்தான் எனக்கு பயம்.

கசிவுன்னு சொன்னேன்ல, அது என்னன்னு சொல்லிடறேன். மேல இழுத்த இரைப்பைக்கு ரத்தம் குடுக்கறது கீழ இருந்து வர்ற ஒரே ஒரு முக்கிய நாளம். குழாயோட நுனிக்குப் போகப் போக ரத்தம் கம்மி, ஆனா தையல் போடுறதோ அந்த நுனிப் பக்கத்துல தான். கடைமடைக்குத் தண்ணி வந்து சேர்ற கதை. இப்ப ஐசிஜின்னு ஒரு மருந்த நரம்புல ஏத்திட்டு தனி கேமராவுல பாப்பாங்க, ரத்தம் போற எடம் எல்லாம் பச்சையா ஒளிரும், ஒளிராத நுனிய வெட்டி எறிஞ்சுட்டு உயிருள்ள எடத்துல இணைப்பாங்க. எனக்கு இன்னைக்கும் அந்தப் பச்சை கீழ இருந்து மெதுவா ஏறி வர்ற அந்த அரை நிமிஷம் மூச்சு நின்னுரும்.

இணைக்குற எடம் கழுத்தா நெஞ்சாங்கறதுலயும் சண்டை உண்டு. நெதர்லாந்துல 2021ல வந்த ஒரு ஆய்வுல, மறுபடி ஏதாவது பண்ணித் தீக்க வேண்டிய அளவுக்குக் கசிவு வந்தது கழுத்துல இணைச்சவங்கள்ல 34 சதவீதம், நெஞ்சுல இணைச்சவங்கள்ல 12 சதவீதம். அதுல பெரும்பாலும் கீழ்ப்பகுதிக் கட்டிகள் தான். அப்பாவுக்குக் கட்டி நடுவுல இருக்கறதால மேல போதுமான தூரம் விட்டு வெட்டணும், அநேகமா கழுத்துல தான் இணைப்பாங்க. கழுத்துல கசிஞ்சா பெரும்பாலும் தோல்ல ரெண்டு தையலப் பிரிச்சு விட்டு டிரெஸ்ஸிங் போட்டுப் போட்டே ஆற வெச்சுரலாம், நெஞ்சுக்குள்ள கசிஞ்சா அது வேற மாதிரி ஆபத்து. கழுத்துல பண்ணா கொஞ்ச நாள் குரல் கம்மிப் போற வாய்ப்பும் கூட இருக்கு, தண்ணி குடிச்சா புரை ஏறும், அத அலட்சியமா விடாம சொல்லிருங்க.

நீங்க கவனிச்சா எங்களுக்கே உதவியா இருக்குற ஒரு விஷயம் இருக்கு. ஆபரேஷனப்பவே சிறுகுடல்ல ஒரு சின்ன டியூப் வெச்சு ஒண்ணு ரெண்டு நாள்ல அது வழியா பால் மாதிரி சத்து மருந்து ஏத்துவாங்க. நான் பாத்த ஒருத்தருக்கு மூணு நாளா நெஞ்சு டிரெயின்ல (நெஞ்சுக்குள்ள தேங்குறத வெளிய ஒரு டப்பாவுக்கு வடிக்கிற டியூப்) வெளிர் மஞ்சளாத்தான் தண்ணி வந்துட்டு இருந்துச்சு, டியூப்ல சாப்பாடு ஆரம்பிச்ச மறுநாள் காலையில அவரோட மக தான் கூப்பிட்டு "டாக்டர், டப்பாவுல பால் கலந்த மாதிரி இருக்கு"ன்னுச்சு. குடல்ல இருந்து கொழுப்பக் கொண்டு போற நிணக்குழாய் ஒண்ணு உணவுக்குழாய் பக்கத்துலயே போகுது, அது கசிஞ்சா இப்படி வரும். கொழுப்பில்லாத சத்துக்கு மாத்தி, டிரெயின் அளவு தெனம் எழுதி வெச்சு, ஆபரேஷன் இல்லாமயே சரியாச்சு. அந்தப் பொண்ணு பாக்கலன்னா ரவுண்ட்ஸ் வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதனால டிரெயின் டப்பாவ நீங்களும் பாருங்க, நிறம் மாறினா உடனே சொல்லுங்க.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா கண்டிப்பா யாராவது காதுல போடுவாங்க: "கீமோ ரேடியேஷன்லயே கட்டி கரைஞ்சுருச்சே, எதுக்கு ஆபரேஷன்?" கேள்வியில நியாயம் இருக்கு. 2012ல வந்த கிராஸ் ஆய்வுல, இதே மாதிரி அஞ்சு வாரம் குடுத்துட்டு ஆபரேஷன் பண்ண ஸ்குவாமஸ் ஆட்கள்ல 49 சதவீதம் பேருக்கு எடுத்த குழாய்ல கேன்சரே மிச்சம் இல்ல. அதுக்கப்புறம் நெதர்லாந்துல சானோன்னு ஒரு ஆய்வு நடத்தி, மிச்சம் எதுவும் தெரியாதவங்கள ஆபரேஷன் பண்ணாம விடாம கண்காணிச்சாங்க, ரெண்டு வருஷத்துல 74 சதவீதம் உயிரோட, ஆபரேஷன் பண்ண பக்கம் 71. ஆனா கண்காணிப்புன்னா அவங்க பண்ணது வீட்ல இருந்துட்டு வயிறு வலிச்சா வர்றது இல்ல. குறிச்ச நாளுக்கு எண்டோஸ்கோப்பி, ஒரே எடத்துல ஆழமா ரெண்டு தடவ சதை எடுத்துச் சோதிக்கிற பயாப்ஸி, எண்டோஸ்கோப்பிலயே அல்ட்ராசவுண்ட், பெட் ஸ்கேன், மறுபடி தலை காட்டினா உடனே ஆபரேஷன். இதெல்லாம் ஒழுங்கா நடக்குற எடமும், வரச் சொன்ன நாளுக்கு வந்து நிக்கிற வீடும் இருந்தா டாக்டர்கிட்ட பேசிப் பாருங்க. "இப்ப சோறு இறங்குதே"ன்னு மட்டும் நெனச்சு காணாமப் போயிராதீங்க, சோறு இறங்கறதும் கேன்சர் போறதும் ஒண்ணு கெடையாது. அப்படிப் போய் ஆறு மாசம் கழிச்சு எச்சில் கூட முழுங்க முடியாம வந்தவங்க உண்டு.

சரி, ஆபரேஷன்னு முடிவானா ரேடியேஷன் முடிஞ்சு ஆறுல இருந்து பத்து வாரத்துக்குள்ள வெப்பாங்க. இந்த வாரங்கள் சும்மா காத்திருக்குற காலம் இல்ல, என் கண்ணுல இதுதான் பாதி ஆபரேஷன். பீடி இன்னைக்கே நிக்கணும், "கொறச்சுட்டேன்"ங்கறது செல்லாது. தெனம் வேர்க்க வேர்க்க நடக்கணும். பல்லுல சொத்தை இருந்தா இப்பவே காமிச்சு சரி பண்ணுங்க, வாய்ல இருக்குற கிருமி தான் அப்புறம் நெஞ்சுல இறங்கும். முட்டை, பருப்பு, பால், முழுங்க முடிஞ்சத எதுவானாலும் மசிச்சுக் குடுத்து எடைய விடாம புடிங்க, முழுங்கவே முடியலன்னா டியூப் வழியாக் குடுக்க ஏற்பாடு பண்ணச் சொல்லுங்க.

மூணு பந்து இருக்குற பிளாஸ்டிக் கருவி ஒண்ணு குடுப்பாங்க. வார்டுல எல்லாரும் அத "பந்து ஊதுற மெஷின்"ம்பாங்க, நூத்துக்கு எழுபது பேர் நெஜமாவே ஊதிட்டுத்தான் இருப்பாங்க. அது ஊதறதுக்கு இல்ல, உறிஞ்சறதுக்கு. உதட்ட இறுக்கி வெச்சு இளநிய ஸ்ட்ரா போட்டு உறியற மாதிரி மெதுவா உள்ள இழுத்து, ரெண்டு பந்து மேல நிக்கும்போது ரெண்டு மூணு செகண்ட் புடிச்சு, அப்புறம் விடணும். மணிக்குப் பத்து தடவ. ஆபரேஷனுக்கு அப்புறம் கத்துக்கலாம்னு விட்டா அன்னைக்கு வலியில ஒரு பந்து கூட அசையாது.

எல்லாம் ஒழுங்காப் போனா மறுநாளே கட்டில்ல இருந்து எறக்கி நாற்காலியில உக்கார வெப்போம், டியூபும் டிரெயினுமா நடக்கவும் வெப்போம், பாவம்னு நீங்க தடுக்காதீங்க. பத்துப் பன்னெண்டு நாள்ல வீட்டுக்கு வரலாம், கசிவு வந்தா ஒரு மாசமும் ஆகலாம், பணமும் லீவும் அந்த ஒரு மாசத்துக்குத் திட்டம் போட்டு வெச்சுக்கோங்க, காப்பீட்டு கார்டு செல்லுமான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே கேட்டுருங்க.

சாப்பாடு தான் கடைசி. இரைப்பை இப்ப குழாய் ஆயிட்டதால ஒரே தடவையா மூணு இட்லி எறங்காது. ஒண்ணு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு, இப்படி நாளைக்கு ஆறேழு தடவ. சாப்பிடும்போது தண்ணி வேணாம், அரை மணி விட்டுக் குடிக்கட்டும். சர்க்கரை தூக்கலா காப்பியோ பாயசமோ குடுத்தீங்கன்னா கால் மணி நேரத்துல படபடன்னு வேர்த்து வயித்தப் பெரட்டும், ஹார்ட் அட்டாக்னு பயந்து தூக்கிட்டு ஓடாதீங்க, இனிப்பு வேகமா குடல்ல போய் விழுந்ததோட வேலை அது, கொஞ்ச நேரம் சாஞ்சு படுத்தா அடங்கும், அடங்கலன்னா கூப்பிடுங்க. ராத்திரி படுக்கறதுக்கு மூணு மணி முன்னாடியே சாப்பாட்ட முடிச்சுரணும். இனிமே தட்டையாப் படுக்கவே கூடாது, பித்தநீர் நேரா தொண்டைக்கு வந்துரும். தலகாணிய அடுக்கினா கழுத்து தான் மடங்கும், அதுக்குப் பதிலா கட்டிலோட தலமாட்டுக் கால் ரெண்டுக்கும் கீழ செங்கல் வெச்சுருங்க, ஒரு ஜாண் உயரம் போதும், அப்பா டிஸ்சார்ஜ் ஆகி வர்றதுக்கு முன்னாடியே வெச்சுருங்க.